அடக்கி வாசித்தல்

ரௌனோவின் கடையில் இரண்டு ஆம்ப்.
ஒன்று ஐம்பது வாட், இருபத்தாறு கிலோ.
மற்றது பதினைந்து.
மூன்றாவது சனிக்கிழமையாக
இரண்டுக்கும் நடுவே முக்காலியில் நான்.

"வாட்டை எண்ணாதே" என்கிறான் ரௌனோ.
"பத்து மடங்கு போட்டால்தான்
காதுக்கு இரண்டு மடங்கு."
அப்படியானால் இவை இரண்டுக்கும்
எனக்கும் என் தங்கைக்கும் உள்ள உயர வித்தியாசம்தான்:
போட்டோவில் தெரியும்,
நிலைப்படியில் யாருக்கும் தலை இடிக்காது.

வால்வின் குணம் தெரியும் எனக்கு.
கொஞ்சமாகக் கேட்டால் கொட்டாவி விடும்.
நெருக்க வேண்டும்.
பாகு பதம் தொடும் நேரத்தில்
ஓரத்தில் ஒரு நுரை எழுமே,
அந்தக் கரகரப்பு அப்போதுதான் வரும்.
அது வரும் நேரத்தில்
ஐந்தாம் மாடியின் ஜன்னல்களும் பேசத் தொடங்கும்.

ஹெர்வாந்தாவில் எங்கள் கட்டடத்தில்
பத்து மணிக்கு மேல் மௌனம் சட்டம்.
படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது,
சவுனா முறைப் பட்டியலுக்குப் பக்கத்தில்.
கீழ்வீட்டு ஓய்லி கார்னா இரவுப்பணி நர்ஸ்.
பகலில் தூங்குகிறார்.
எனக்கு மட்டும்
மத்தியானமும் பத்து மணிக்கு மேல்தான்.

நான் டிராம் ஓட்டுபவள்.
எழுபதில் பறக்கக்கூடிய வண்டியை
நகரத்துக்குள் இருபதில் பிடித்து வைத்திருப்பவள்.
கட்டிப்போட்ட யானை
எவ்வளவு தின்னும் என்று என்னைக் கேளுங்கள்.

சத்தத்தைச் சூடாக்கித் தின்னும் பெட்டி ஒன்று
வாங்கி நடுவில் மாட்டிப் பார்த்தாயிற்று.
சத்தம் குறைந்தது. பெட்டி கொதித்தது.
அதன்மேல் ஈரக் கையுறை காயப்போட்டேன்,
அதற்கு நல்ல பெட்டி.
கிதார் மட்டும்
கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற சளிக்காரி ஆனாள்.

கடைசியில் ரௌனோ
ஐம்பதை ஒரு வாரக்கடைசிக்கு இரவல் தந்தான்.
மைனஸ் பதினெட்டு.
டிரம்மர் சாம்ப்சா மகனின் சிவப்புப் பிளாஸ்டிக் சறுக்குவண்டியில்
ஆம்பைக் கட்டி, போர்வை சுற்றி,
பனியில் இழுத்துப் போனோம்,
காய்ச்சல் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு இழுப்பதுபோல.
பாருக்குள் போனதும் சுவிட்சைத் தொடவில்லை.
குளிர்ந்த இரும்பு வேர்த்து முடிக்கட்டும் என்று
ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அறுபது பேர். தாழ்ந்த கூரை.
முதல் கார்டிலேயே
ஒலிமேசையிலிருந்து ஹெய்மோவின் உள்ளங்கை
தரையைப் பார்த்து இறங்கியது.
குறை.
குறைத்தேன்.
இன்னும்.
குமிழ் இரண்டுக்கு வந்து நின்றது.
என் வீட்டு இரண்டு.
"மைக் வைத்திருக்கிறேனே, நீ அடக்கி வாசி" என்றான்.
அடக்கித்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்,
பதினொரு வருடமாக.

இடைவேளையில் ஒரு கை தோளைத் தொட்டது.
ஓய்லி.
இரண்டு காதிலும் மஞ்சள் பஞ்சு.
"மூன்றாவது பாட்டு.
வீட்டில் எப்போதும் பாதியில் விட்டுவிடுவாய்.
அதற்குப் பிறகு என்ன என்று கேட்கத்தான் வந்தேன்."
அதற்குப் பிறகு சத்தம் அதிகம் என்றேன்.
அவர் யோசித்தார்.
"செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு நீச்சல்குளம் போவேன்.
ஏழுக்குத்தான் திரும்புவேன்.
உன்னிடம் சொல்லியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை."

திங்களன்று பதினைந்தை வாங்கினேன்.
ஐம்பதைத் திருப்பித் தரும்போது
அதன் கைப்பிடியை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்.
முதுகு முடிவை ஒப்புக்கொண்டது.

செவ்வாய்.
கீழே கதவு சாத்தும் ஓசை,
படியிறங்கும் பனிக்காலணிகள்.
வால்வுகள் சிவந்து நிலைக்கும்வரை காத்திருந்து
குமிழை ஏழுக்குத் திருப்பினேன்.
காப்பிக் கோப்பையில் கரண்டி நடுங்கியது.
ஜன்னல் பேசியது. நுரை எழுந்தது.
எல்லாம் நான் கேட்டபடியே.

மூன்றாவது பாட்டில்,
அதே இடத்தில்,
கை தானாக நின்றது.